குத்தின நேரம்

போன மாதம் பூந்தமல்லி சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் அம்பத்தூருக்கு என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறதாம். காலையில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு பக்கமும், சாயங்காலம் என்ன செய்தோம் என்று மறுபக்கமும் தினமும் எழுத வேண்டுமாம். "வேலைய செய்யறதா, இல்ல செஞ்சத எழுதிகினு குந்திகினு கீறதா தாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை இதைவிட மோசமான வார்த்தையில் நான் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் அம்மை குத்துகிறவனாக இருந்தேன். இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளானூரில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏர் பிடிக்காமல் சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்றதற்கு அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பயிற்சி மூன்று மாதம். அதில் பாதி, மருந்துக் குழாயை உடைக்காமல் பிடிக்கப் பழகியதிலேயே போயிற்று. அதன்பின் ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியும் கொடுத்து, பாடியிலிருந்து கள்ளிக்குப்பம் தாண்டி வெள்ளானூர் வரைக்கும் உன் எல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்று லாரியும் பஸ்ஸும் முட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அன்று வயலும் ஏரிக்கரையும்தான்.

வேலை பார்க்கச் சின்னது. மருந்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து ரயிலில் வரும். வீட்டில் ஒரு மண்பானையில் ஈர மணலைக் கொட்டி அதற்குள் புதைத்து வைப்பேன். ஊருக்குப் போனதும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பேன். ஸ்பிரிட் விளக்கின் நெருப்பில் ஊசியைக் காட்டி ஆறவிடுவேன். ஆறாமல் குத்தினால் குழந்தைக்கும் சுடும், மருந்தும் செத்துவிடும். குழாயின் முனையை ஒடித்துத் துளித்துளியாக நாலு இடத்தில் மருந்தை வைத்து, அதன் மேல் லேசாகக் கீறுவேன். அது காயும் வரை குழந்தையின் கையைத் தாய் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டாம் நாள் திரும்பப் போய்ப் பார்ப்பேன். நாலு இடத்திலும் கொப்புளம் எழும்பியிருந்தால் அந்தக் குழந்தைக்கு அம்மையைப் பற்றிப் பயமில்லை. எழும்பவில்லை என்றால் மறுபடியும் குத்த வேண்டும்.

நான் வேகமானவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அப்போதும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு நாளில் அதிகம் கை குத்துகிறவன் நான்தான். மாதக் கடைசியில் கணக்கு வாசிக்கும்போது என் பெயர் வந்ததும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பேன். எட்டாம் நாள் எத்தனை எழும்பியது என்று யாரும் அவ்வளவு கவலைப்படவில்லை. குத்தினது எத்தனை என்பதுதான் பேச்சு.

எட்டு வருஷம் இப்படி ராஜா மாதிரி ஓட்டினேன். பிறகு சவரிமுத்து வந்தார்.

அவர் புது இன்ஸ்பெக்டர். என்னைவிட ஆறு வயது சின்னவர், ஒல்லியானவர். சட்டைப் பொத்தானில் நூல் கட்டி அதில் ஒரு பென்சிலைத் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமானால், அவர்கள் எழுதிய நோட்டையே அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "சத்தமாக வாசியும்" என்பார். வாசித்து முடிக்கும் வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நம் எழுத்தை நாமே வாசிப்பது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டார். இனிமேல் காலையில் கிளம்பும்முன் அன்றைய வேலையை நேரம் போட்டு எழுத வேண்டும். சாயங்காலம் அதற்கு எதிரே நடந்ததை எழுத வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேராகவும் குத்தின நேரத்துக்கு ஒரு பத்தி போட வேண்டும். சனிக்கிழமை பூந்தமல்லியில் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் கடிகாரம் இல்லை என்றேன். அத்தோடு தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் மேஜையைத் திறந்து, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துவிட்டார்.

முதல் இரண்டு வாரம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நேரத்தையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நானே இட்டுக்கட்டினேன். எட்டு மணி, எட்டேகால், எட்டரை என்று அழகாக வரிசை கட்டி எழுதினேன். சவரிமுத்து நோட்டைத் திருப்பினார், நான் வாசித்தேன். முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "துரைசாமி, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நீர் பாடியிலும் இருந்திருக்கிறீர், கள்ளிக்குப்பத்திலும் இருந்திருக்கிறீர். அந்தச் சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று எனக்கும் சொல்லும், ஒன்று வாங்கிக்கொள்கிறேன்." மானம் போனது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒழுங்காகக் கடிகாரம் பார்த்து எழுத ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல்தான் எழுதினேன், நம்பிக்கையோடு அல்ல.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். கள்ளிக்குப்பத்துக்கு அப்பால் இருந்தது. பெயர் வேண்டாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எனக்கு வேண்டியவர்கள். எல்லா ஊரையும் போல அதற்கும் ஒரு ஊர் உண்டு, ஒரு சேரி உண்டு. என் நாள் அங்கே நடக்கிற விதம் எப்போதும் ஒன்றுதான். காலை எட்டு மணிக்குச் சாவடியில் போய் உட்காருவேன். ஊர்க் குழந்தைகள் வருவார்கள். அது முடிய பதினொன்று, பன்னிரண்டு ஆகும். மணியக்காரர் எனக்கு அம்மா வழியில் மாமா முறை, சாப்பாடு அவர் வீட்டில். சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒடித்த குழாயில் மிச்சமிருக்கும் மருந்தோடு வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேரிக்குப் போவேன். அதற்குள் ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். ஊர் முதலில், சேரி கடைசியில். இந்த வரிசையை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு முன் இருந்தவரும் அப்படித்தான் போனார். வேறு மாதிரி போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சேரியில் பல குழந்தைகளுக்கு எட்டாம் நாள் ஒன்றும் எழும்பாது. அதற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். நான் திரும்பினதும் இவர்கள் மருந்தைத் துடைத்துச் சாணியைப் பூசிவிடுகிறார்கள் என்று. பதிவேட்டில் பலன் என்கிற இடத்தில் "துடைத்தது" என்று எழுதிவிடுவேன். ஒரே வார்த்தை. எழுதவும் சுலபம்.

அந்தச் சேரியில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அவளுடைய பெண் அஞ்சலைக்கு நான் இரண்டு முறை குத்தியிருந்தேன். இரண்டு முறையும் எழும்பவில்லை, இரண்டு முறையும் "துடைத்தது" என்று எழுதினேன். அடுத்த சித்திரையில் அஞ்சலைக்கு அம்மை கண்டது. உயிர் பிழைத்தாள். ஒரு கண் வெள்ளை விழுந்து பார்வை போயிற்று. சவரிமுத்து வந்த வருஷம் கன்னியம்மாவின் இடுப்பில் ஆறு மாதப் பையன் இருந்தான். தை பிறந்துவிட்டது, வெயில் காலத்துக்குள் அவனுக்குக் குத்தியாக வேண்டும். அவள் அவன் கையைக் கொடுக்கவில்லை.

நான் கோபப்பட்டேன். கண் போன பெண்ணை வைத்துக்கொண்டும் புத்தி வரவில்லையா, மருந்தைத் துடைத்துவிட்டால் எப்படி வேலை செய்யும் என்று சத்தம் போட்டேன். மற்ற பெண்கள் தள்ளி நின்றார்கள். கன்னியம்மா தள்ளி நிற்கவில்லை.

"நான் தொடைக்கல நைனா. காயற வரைக்கும் அவ கைய புடிச்சிகினு இருந்தேன், வேலைக்குக்கூடப் போவாம. காலைல ஏரில புடிச்ச மீனு உச்சிக்கு நாறிப் பூடுது. உங்க மருந்து மட்டும் கெடாதா?"

எனக்குச் சுரீரென்றது. மருந்தைப் பற்றி இவள் எனக்குச் சொல்வதா என்று பெட்டியைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழி வரைக்கும் வாய்க்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் நோட்டில் நேரம் எழுதும்போது அந்த மீன் நினைவுக்கு வந்தது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பூந்தமல்லியில் வழக்கம்போல உட்கார்ந்தோம். பதிவேட்டில் அப்போது ஆறேழு வாரத்து உண்மையான நேரம் சேர்ந்திருந்தது. சவரிமுத்து அன்று பெயர்களையும் ஊர்களையும் ஒரு காகிதத்தால் மூடிவிட்டார். நேரமும் பலனும் மட்டும்தான் தெரிந்தன. "இந்த இரண்டையும் மட்டும் வாசியும்" என்றார்.

எட்டரை, எழும்பியது. ஒன்பது மணி, எழும்பியது. ஒன்பதேகால், எழும்பியது. பதினொன்று, இரண்டு இடம் மட்டும். ஒரு மணி, இல்லை. ஒன்றேகால், இல்லை. ஒன்றரை, இல்லை. நான்கு பக்கம் வாசித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே என் குரல் இறங்கிவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.   வாசித்து முடித்ததும் அவர் காகிதத்தை எடுத்தார். பாடியானாலும் சரி, வெள்ளானூரானாலும் சரி, எந்த ஊரென்று பார்க்காமல் நேரம் ஒரே கதையைச் சொல்லிற்று. ஒரு மணிக்குப் பிறகு எழுதின பெயர் அத்தனையும் சேரிப் பெயர். என் சொந்த ஊர்ச் சேரியும் அதில் இருந்தது.

குழாயை ஒடித்து இத்தனை மணி நேரம் வெயிலில் சுமந்தால் மருந்து செத்துவிடும் என்பது பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். தெரிந்த விஷயம். ஆனால் என் நாளை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு எட்டு வருஷம் செத்த மருந்தைச் சேரிக் குழந்தைகளுக்குக் குத்திவிட்டு, பழியை அவர்கள் தாய்மார் மேல் எழுதியிருக்கிறேன். அஞ்சலையின் கண் என் முன்னால் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்திருப்பார்.

சேரிக்கு முதலில் போக எனக்கு உத்தரவு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். உத்தரவு இருந்தால் ஊர்க்காரர்களிடம் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அவர் தலையை ஆட்டினார். "சேரிக்குக் கடைசியில் போ என்று யாரும் உத்தரவு போடவில்லையே, துரைசாமி. வரிசை உம்முடையது. மாற்றுவதும் உம்முடையது."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது யோசித்தால், உத்தரவு கொடுத்திருந்தால் ஒரு மாதம் செய்துவிட்டுப் பழைய வழிக்கே போயிருப்பேன் என்று தோன்றுகிறது.

அடுத்த வாரத்து நோட்டில் நானே எழுதினேன்: காலை ஆறு மணி, சேரி. எட்டு மணி, ஊர். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். ஒடித்த குழாயை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஒன்பதரைக்கு மேல் குத்துவதில்லை, அதற்குப் பிறகு எட்டாம் நாள் கைகளைப் பார்க்கும் வேலை. அப்படிச் செய்தால் ஒரு நாளைக்குக் குத்துகிற கை பாதியாகக் குறையும். மாதக் கடைசியில் என் பெயருக்கு எதிரே என்ன வாசிப்பார்கள் என்று நினைத்துப் பேனாவைக் கீழே வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். பாதியாகட்டும் என்று எழுதிவிட்டேன்.

விடியும்போது சேரியில் போய் நின்றேன். பெண்கள் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என்னை அங்கே பார்த்ததும் யாருக்கோ அம்மை என்று நினைத்துப் பதறினார்கள். கன்னியம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் நின்றாள். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். கடைசியில், நீ சொன்னது சரி, மருந்து கெட்டுத்தான் போயிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். குழாய்களைச் சுற்றி நான் அன்று கொட்டியிருந்த ஈர மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் என் பெட்டிக்குள் யாரும் கை வைத்ததில்லை, மணியக்காரர்கூட. "சில்லுன்னு கீது" என்று பின்னால் நின்ற பெண்களுக்குச் சொன்னாள். பிறகு பையனின் கையை நீட்டினாள். நான் மடியிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்து எழுதினேன். ஆறு மணி இருபது நிமிஷம்.

எட்டு மணிக்குச் சாவடிக்குப் போனபோது அங்கே குழந்தைகள் இல்லை. மணியக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது.

"இன்னாடா துரைசாமி, வழிய மாத்திகினியாமே. அங்க குத்துன ஊசிய எடுத்துகினு எங்க புள்ளைங்ககிட்ட வர்றியா?"

ஊசியை நெருப்பில் காட்டுவதை அவருக்கு எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். மறுபடியும் விளக்கை ஏற்றிக் காட்டினேன். தனி ஊசியும் தனிக் குழாயும் இருக்கின்றன என்றேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. நாளைக்கே மேலே மனு போடுகிறேன், உன் உத்தியோகத்தை நீ பார்த்துக்கொள் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது மாமா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

சாவடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் வீணாகிறதே என்று அணைத்தேன், பிறகு ஏற்றினேன். வேலை போனால் வெள்ளானூரில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனை. பழைய வரிசைக்கே போய்விடலாமா என்றும் நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன்.

மணி ஒன்பதாகும்போது மணியக்காரரின் மருமகள் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்தாள். என் மச்சானின் பெண்டாட்டி. புடவைத் தலைப்புக்குள் குழந்தை. அவள் பிறந்த ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று முந்தின நாள்தான் சேதி வந்ததாம். "மாமா வயலாண்ட போய்கீறாரு. சீக்கிரம் குத்துங்கண்ணே" என்றாள். இந்த ஊசி வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? மருந்து நல்லா கீதா, அத சொல்லுங்க" என்றாள்.

நல்லா கீது என்றேன். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் அதே சந்து வழியாக வந்தார்கள். அடுத்த முறை வாசல் வழியாகவே வந்தார்கள்.

மனு போகத்தான் போயிற்று. சனிக்கிழமை சவரிமுத்து அதை என் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதை வாங்கி மேஜையில் கடைசி டிராயருக்குள் போட்டார். அதற்கப்புறம் அந்த மனு என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மணியக்காரர் அடுத்த பொங்கலுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மனுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாதக் கணக்கில் என் எண்ணிக்கை கீழே போய்விட்டது. சவரிமுத்து அந்த மாதத்திலிருந்து குத்தின கையை விட்டுவிட்டு எழும்பின கையை மட்டும் வாசிக்க ஆரம்பித்தார். மற்றவர்களுடைய நோட்டையும் அதே மாதிரி காகிதம் வைத்து மூடினார். அடுத்தடுத்து அவர்களுடைய வரிசையும் மாறியது.

பையனுக்குக் குத்தின எட்டாம் நாள் விடியற்காலையில் சேரிக்குப் போனேன். அன்றைக்குப் பட்ட பயம் பரீட்சைக்குக்கூடப் பட்டதில்லை. கன்னியம்மா பையனின் கையைத் திருப்பிக் காட்டினாள். நாலு இடத்திலும் கொப்புளம் முத்துப்போல நின்றிருந்தது. அஞ்சலை பக்கத்தில் வந்து நல்ல கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

"எழும்பியது" என்று எழுதினேன். எழுதிவிட்டும் எனக்கு நோட்டை மூட மனம் வரவில்லை. பழைய பதிவேட்டை அன்று கையோடு கொண்டுவந்திருந்தேன். சவரிமுத்துவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அடித்து எழுதினால் பக்கத்தில் கையெழுத்துப் போடும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார். அஞ்சலையின் பெயரைத் தேடி எடுத்தேன். இரண்டு இடத்திலும் "துடைத்தது" என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னா எழுதினீங்க என்று கன்னியம்மா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன்: "தாய் துடைக்கவில்லை. குத்துகிறவன் தாமதமாக வந்தான்."

 பெண்கள் வயலுக்குப் போகக் கூப்பிட்டார்கள். அவள் அஞ்சலையின் தலையைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மணியும் போடுங்க நைனா" என்றாள்.

போட்டேன். பகல் ஒன்றரை.